கொழுந்துக்குத் தராசு உண்டு, நமது வீட்டுக்கு?

நாம் பறிக்கும் கொழுந்து எத்தனை தடவை சோதிக்கப்படுகிறது என்று எண்ணிப் பாருங்கள். மலையில் நிறுக்கிறார்கள். ஈரத்துக்கும் சாக்குக்கும் கிலோ கழிக்கிறார்கள். முற்றிய இலை கலந்திருந்தால் கையால் அள்ளிக் காட்டிக் கேள்வி கேட்கிறார்கள். தொழிற்சாலையில் மறுபடியும் நிறுவை. ஆனால் அந்தக் கொழுந்தைப் பறித்தவர் பிள்ளைகளோடு படுத்துறங்கும் புது வீட்டின் கொங்கிறீட்டை யார் சோதித்தார், முடிவு என்ன என்று கேட்டால், பல தோட்டங்களில் பதில் சொல்ல ஆளில்லை.

தலைமுறை தலைமுறையாகப் பத்துக்குப் பன்னிரண்டு அடி லயன் அறையில் வாழ்ந்த நமக்கு 7 பேர்ச் காணியும் தனி வீடும் பெரிய விடயம்தான். இந்திய உதவியில் முதலில் 4,000 வீடுகள். 2017 மே மாதம் நோர்வூட்டில் மேலும் 10,000 வீடுகள் அறிவிக்கப்பட்டன. இவற்றை நாம் வரவேற்கிறோம். ஆனால் வீடுகளை எண்ணிக் கணக்குச் சொல்வதோடு வேலை முடிவதில்லை. எண்ணிக்கை மேடையில் பேச உதவும். மழைக்காலத்தில் உதவுவது அத்திவாரம்.

முதலில் மண். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயன்கள் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்தானது என்று முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை கடதாசியில் இருந்தது, மக்கள் லயனில் இருந்தார்கள். 2025 நவம்பரில் டித்வா புயல் மறுபடியும் மலையகத்தைப் புரட்டிப் போட்டது. மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் கட்டுவதற்கு முன் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் சிபாரிசு வேண்டும். அந்தச் சிபாரிசில் வடிகால், தாங்குசுவர், மண் வெட்டும் அளவு என்று நிபந்தனைகளும் இருக்கலாம். நிபந்தனை என்னவென்று வீட்டுக்காரருக்கே தெரியாவிட்டால், பின்பக்கத்து மண் திட்டை அவரே வெட்டிக் குசினி கட்டுவார். குற்றம் அவருடையதா?

அடுத்தது பொருட்கள். சாதாரண போர்ட்லாண்ட் சீமெந்துக்கு எஸ்.எல்.எஸ். 107, சீமெந்துக் கல்லுக்கு எஸ்.எல்.எஸ். 855 என்று நாட்டில் தரநிர்ணயம் இருக்கிறது. கொங்கிறீட் குழைக்கும்போது ஆறு அங்குல அச்சுகளில் மாதிரி எடுத்து, 7ஆம் நாளும் 28ஆம் நாளும் ஆய்வுகூடத்தில் நசுக்கிப் பார்த்தால் அதன் பலம் தெரிந்துவிடும். குழைத்தவுடனேயே ஓர் அடி உயரக் கூம்பில் நிரப்பி, கூம்பைத் தூக்கி, எவ்வளவு அமர்கிறது என்று பார்த்தால் தண்ணீர் கூடிவிட்டதா என்று அங்கேயே தெரியும். வேலை சுலபமாக ஓடட்டும் என்று ஊற்றும் ஒவ்வொரு வாளித் தண்ணீரும் பலத்தைக் குறைக்கிறது. பூச்சுப் பூசி வர்ணம் அடித்த பிறகு இதையெல்லாம் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. சோதனைக்கு உரிய நாள் கொங்கிறீட் போடும் நாள். சாவி கொடுக்கும் நாள் அல்ல.

சில சோதனைகளுக்கு ஆய்வுகூடமும் வேண்டாம். கண்ணாடிப் போத்தலில் பாதிக்கு மணல், அதற்கு மேல் உப்புப் போட்ட தண்ணீர். நன்றாகக் குலுக்கி மூன்று மணித்தியாலம் அசையாமல் வைத்தால் வண்டல் மேலே தனிப் படையாக நிற்கும். மணல் 100 மில்லிமீற்றர் என்றால் வண்டல் சுமார் 8 மில்லிமீற்றருக்கு மேல் போகக்கூடாது. போனால் அந்த லோட்டைக் கேள்வி கேட்க வேண்டும். அடிமட்டம் பிடிக்கத் தெரிந்த நமது பாடசாலைப் பிள்ளைகளே இதைச் செய்துவிடுவார்கள்.

மிக முக்கியமான கேள்வி, பரிசோதிப்பவருக்குச் சம்பளம் கொடுப்பது யார் என்பது. அமெரிக்காவின் கட்டிட விதிகளில் விசேட பரிசோதகரைக் கட்டிட உரிமையாளர்தான் நியமிக்க வேண்டும், கொந்தராத்துக்காரர் நியமிக்கக்கூடாது என்று இருக்கிறது. காரணம் எளிது. தராசு யார் கையில் இருக்கிறதோ கிலோ அவர் சொன்னதுதான். இது நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

"இலவசமாகக் கிடைக்கும் வீட்டில் குறை பார்க்கலாமா?" என்று சிலர் கேட்கிறார்கள். இலவசம் என்ற சொல்லையே நாம் ஏற்கவில்லை. இருநூறு வருட உழைப்புக்கு இந்த நாடு நமக்குக் கொடுக்க வேண்டிய கடனில் இது ஒரு பகுதி. இந்திய மக்களின் பணம் என்றால், அது சரியாகச் செலவாகிறதா என்று பார்ப்பது அவர்களுக்கும் நாம் செய்யும் மரியாதை. சோதனையால் வேலை தாமதமாகும் என்றும் சொல்கிறார்கள். வெடித்த சுவரை இடித்துக் கட்டுவதைவிட 28 நாள் நீளமானதல்ல.

ஆகவே நாம் கேட்பது நான்கு. காணியின் மண் அறிக்கையும் நிபந்தனைகளும் தமிழில் ஒவ்வொரு குடும்பத்தின் கையிலும் வர வேண்டும். கொந்தராத்துக்காரரோடு சம்பந்தமில்லாத ஒருவர் சோதிக்க வேண்டும். அத்திவாரம், கம்பி, கொங்கிறீட் ஆகிய மூன்று கட்டங்களிலும் வீடு பெறும் குடும்பங்களின் பிரதிநிதிகள் மூவர், அதில் ஒரு பெண்ணாவது, உடனிருக்க வேண்டும். சோதனை முடிவைக் காட்டாமல் கையேற்பு ஆவணத்தில் ஒப்பம் கேட்கக்கூடாது.

தர மறுத்தால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. எழுதத் தெரியாதவர் வாயால் கேட்டாலும், அதை எழுதி எடுப்பது தகவல் உத்தியோகத்தரின் கடமை. தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர் தீர்மானிக்க வேண்டும்.

தோழர்களே, வீடு கட்டும் வேலை நடக்கும் தோட்டங்களில் அடுத்த மாதாந்தக் கமிட்டிக் கூட்டத்திலேயே அந்த மூவரைத் தெரிவு செய்யுங்கள். ஒப்பம் வைக்கும் முன் அறிக்கையைக் கேளுங்கள். நமது கொழுந்தில் ஒரு கிலோவைக்கூட நம்பி விடாதவர்களிடம், நமது கூரையை மட்டும் நம்பி விட்டுவிட முடியாது.