கார் வாங்கினவங்க மட்டும்தான் சாட்சி சொல்லணுமா?

ரொம்ப நாளா மனசுக்குள்ள கிடக்குற விஷயம். சபைக்குப் போற நண்பர்கள் சிலருக்குக் கோபம் வரலாம். வந்தா வரட்டும், சொல்லிடறேன்.

நம்ம தமிழ்ச் சபைகள்ல "ஆசீர்வாதம்"ங்கிற வார்த்தையோட அர்த்தமே மாறிப் போச்சு. "அவர் இப்ப ரொம்ப ஆசீர்வாதமா இருக்கார்"னு யாராவது சொன்னா நாம என்ன புரிஞ்சுக்கறோம்? பொறுமையா இருக்கார், பகையாளியை மன்னிச்சுட்டார்னா புரிஞ்சுக்கறோம்? இல்லையே. வீடு கட்டிட்டார், பையன் வெளிநாடு போயிட்டான், வாசல்ல புது கார் நிக்குது. அவ்வளவுதான்.

கிறிஸ்தவரல்லாத நண்பர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். கடவுள் தன் வாழ்க்கையில் செய்ததை ஒருத்தர் சபை முன்னாடி எழுந்து நின்னு சொல்வதற்குப் பெயர்தான் 'சாட்சி'. நல்ல வழக்கம்தான். டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் பார்த்தீங்கன்னா, வருஷம் முழுக்க நடந்ததைச் சொல்ல வரிசையில் நிப்பாங்க. வேலை கிடைச்சது, விசா கிடைச்சது, மனை வாங்கினோம், கடன் அடைஞ்சது. அதுக்கப்புறம் புது வருஷத்துக்கான வாக்குத்தத்த வசன அட்டை கொடுப்பாங்க. பெருக்கம், உயர்வு, திறந்த வாசல்னு ஏதாவது ஒண்ணு அதுல இருந்தா முகத்துல ஒரு தனி சந்தோஷம். உபத்திரவத்தைப் பத்தின வசனம் அட்டையில் வந்து நான் பார்த்ததே இல்லை :-)

கிடைச்சதுக்கு நன்றி சொல்றது தப்பே இல்லை. சொல்லித்தான் ஆகணும். என் கேள்வி வேற. எதுவும் கிடைக்காதவன் எங்கே போய் நிப்பான்?

எனக்குத் தெரிஞ்ச அண்ணன் ஒருத்தர் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கிற சின்ன அச்சகம் வெச்சிருந்தார். 2020 ஊரடங்குல கல்யாணங்கள் நின்னு போச்சு, நடந்ததும் வாட்ஸப் அழைப்போட முடிஞ்சு போச்சு. மெஷினை வித்தார். அண்ணியோட நகையும் போச்சு. இப்ப வேற ஒரு இடத்துல சம்பளத்துக்கு வேலை பார்க்கிறார். அவருக்கு ஆறுதல் சொல்ல வந்த விசுவாசிகள் என்ன சொன்னாங்க தெரியுமா? "ஜெபத்துல எங்கேயோ குறை இருக்கு, ஆராய்ஞ்சு பாருங்க பிரதர்."

அவர் என்கிட்ட ஒரு நாள் கேட்டார்: "தம்பி, தொழில் போச்சு. அது நிஜம். ஆனா காலையில அஞ்சு மணிக்கு எழுந்து முழங்கால் போட்டா, ஆண்டவர் கூடவே இருக்கிறது அதைவிட நிஜமாத் தெரியுது. முன்னாடி எனக்கு இப்படித் தெரிஞ்சதில்லை. இதைப் போய் சாட்சியா சொன்னா ஏத்துக்குவாங்களா?"

எனக்கு சட்டுனு பதில் சொல்ல வரலை. நம்ம பக்கத்துல வழக்கமா நடக்கிற எந்த சாட்சிக் கூட்டத்துலயும் அதுக்கு இடம் இல்லைங்கிறதுதான் காரணம்.

சரி, வேதம் என்ன சொல்லுதுன்னு பார்ப்போம்.

முதல்ல கடவுளுடைய ராஜ்யத்தைத் தேடினால் மத்ததெல்லாம் கூடவே கிடைக்கும்னு சொல்ற வசனம் மத்தேயு 6-ஆம் அதிகாரம், 33-ஆம் வசனம். காலண்டர்ல இருந்து ஆட்டோ முதுகு வரைக்கும் எழுதியிருக்கும். பெரும்பாலானவங்க இதை ஒரு ஒப்பந்தம் மாதிரி படிக்கறாங்க. முதல் பாதி நாம கட்டுற பிரீமியம், இரண்டாம் பாதி முதிர்வுத் தொகை. ஆனா அந்த 'மத்ததெல்லாம்' என்னன்னு கொஞ்சம் மேலே போய்ப் படிச்சுப் பாருங்க. சாப்பாடு, தண்ணீர், உடுப்பு. அவ்வளவுதான் பட்டியல். அன்னாடங்காய்ச்சியா இருந்த கலிலேயா ஜனங்களைப் பார்த்து, நாளைக்கு என்ன சாப்பிடறதுன்னு கவலைப்படாதீங்கன்னு இயேசு சொன்ன வார்த்தை அது. அதுல போய் நாம மூணு பெட்ரூம் ஃபிளாட்டைச் சேர்த்துக்கிட்டோம். அதே அதிகாரம் 24-ஆம் வசனத்துலதான், கடவுளையும் பணத்தையும் ஒரே நேரத்துல எஜமானா வெச்சுக்க முடியாதுன்னு இருக்கு. நடுவுல எட்டே வசனம்தான். அந்த வசனம் மட்டும் ஏனோ ஆட்டோ முதுகுக்கு வரலை.

அடுத்தது யோபு. அந்தப் புத்தகத்துல சாத்தான் கேட்கிற முதல் கேள்வியே இதுதான்: இவன் சும்மாவா உம்மைக் கும்பிடறான்? நீர் சொத்தும் சுகமும் கொடுத்திருக்கீர், அதனால கும்பிடறான். எடுத்துப் பாரும், தெரியும். யோசிச்சுப் பாருங்க, பக்தி மேல வைக்கக்கூடிய கடுமையான சந்தேகம் இதுதான். யோபு புத்தகத்தின் 42 அதிகாரமும் இந்த ஒரு கேள்விக்கான பதில்.

"கடைசியில யோபுவுக்கு எல்லாம் இரண்டு மடங்கா கிடைச்சதே"ன்னு செழிப்பு உபதேசக்காரங்க சொல்வாங்க. கிடைச்சது, இல்லைன்னு சொல்லலை. ஆனா எந்த வரிசையில் கிடைச்சதுன்னு கவனிக்கணும். இழந்ததெல்லாம் திரும்பி வர்றது 42-ஆம் அதிகாரம் 10-ஆம் வசனத்துல. இதுவரை காதால கேள்விப்பட்டிருந்தேன், இப்ப என் கண்ணே உம்மைப் பார்க்குதுன்னு யோபு சொல்றது 5-ஆம் வசனத்துல. அந்த நேரத்துல அவன்கிட்ட ஒரு ஆடுகூட இல்லை. பிள்ளைகள் இல்லை. சாம்பல்ல உட்கார்ந்திருக்கான். அங்கேயே அவன் தேடல் முடிஞ்சு போச்சு. இரண்டு மடங்கெல்லாம் பிறகு வந்ததுதான்.

அச்சக அண்ணன் இப்ப அந்த 5-ஆம் வசனத்துல இருக்கார். 10-ஆம் வசனம் அவருக்கு வரலாம், வராமலும் போகலாம். ஆனா 10 வந்தாத்தான் சாட்சின்னு நாம சொன்னா, சாத்தான் கேட்ட கேள்விக்கு "ஆமா, நீ சொல்றது சரிதான்"னு நாமளே கையெழுத்துப் போட்டுக் கொடுக்கற மாதிரி ஆயிடும்.

இதெல்லாம் என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லீங்க. பல நாட்டு சுவிசேஷ சபைகள் 2010-ல கேப் டவுன்ல கூடின லாசேன் மாநாட்டு அறிக்கையிலேயே செழிப்பு உபதேசத்தை வெளிப்படையா விமர்சனம் பண்ணியிருக்காங்க.

அப்போ பணத்தைத் தூக்கிப் போட்டுட்டுத் துறவியாப் போகணுமா? நம்ம ஊர்ல பட்டினத்தார் கதை தெரியாதவங்க கிடையாது. கிறிஸ்தவத்துலயும் அந்த வழி உண்டு. ஆனா எல்லாருக்கும் ஒரே அளவுகோல் இல்லை. ஒரு பணக்கார வாலிபனிடம் எல்லாத்தையும் வித்துக் கொடுத்துட்டு வான்னு இயேசு சொன்னார். சகேயு பாதியைக் கொடுக்கிறேன்னு தானாவே சொன்னான், அதைச் சந்தோஷமா ஏத்துக்கிட்டார். அப்போஸ்தலர் நடபடிகள்ல வர்ற லீதியாள் இரத்தாம்பரம் விக்கிற வியாபாரி. அந்தம்மாகிட்ட கடையை மூடுன்னு யாரும் சொல்லலை. பவுலும் கூட வந்தவங்களும் அவங்க வீட்லதான் தங்கினாங்க.

இயேசு சொன்ன ஒரு குட்டிக் கதையையும் அந்தப் பணக்கார வாலிபனையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. ஒருத்தன் நிலத்துல புதையலைப் பார்க்கிறான். போய்த் தன்கிட்ட இருக்கிறதையெல்லாம் வித்து அந்த நிலத்தை வாங்கறான். எப்படி வித்தான்? சந்தோஷத்தோட. அந்த வாலிபனோ துக்கத்தோட திரும்பிப் போறான், காரணம் அவனுக்கு நிறைய சொத்து இருந்தது. எல்லாத்தையும் வித்தவன் சிரிச்சுக்கிட்டுப் போறான், எதையுமே விடாதவன் அழுதுக்கிட்டுப் போறான். பணத்துக்கு அப்பால் ஒரு நிறைவு உண்டுன்னு சொல்றதுக்கு எனக்கு இதைவிட ஆதாரம் வேண்டாம்.

கதைதானேன்னு நினைக்கிறவங்களுக்கு நிஜமான ஒருத்தர். கிரிக்கெட் பிரியர்கள் கவனிக்கவும். சார்லஸ் ஸ்டட். 'சி.டி. ஸ்டட்'னு சொன்னாத்தான் தெரியும். 1882-ல ஓவல்ல இங்கிலாந்து தோத்து, ஆஷஸ்ங்கிற பேரே பிறக்கக் காரணமான அந்த டெஸ்ட்ல ஆடினவர். அப்பா இந்தியாவுல தோட்டம் வெச்சுப் பெரும் பணம் சம்பாதிச்சவர். 1885-ல, புகழின் உச்சியில் இருக்கும்போதே, மிஷனரியா சீனாவுக்குக் கப்பல் ஏறிட்டார். அங்கே இருக்கும்போது அப்பாவின் சொத்தில் அவர் பங்கு கைக்கு வந்தது, சுமார் 29,000 பவுண்டு. அந்தக் காலத்துக்கு அது எவ்வளவு பெரிய தொகைன்னு நினைச்சுப் பாருங்க. அனாதை இல்லம், ஏழைகள் ஊழியம்னு பிரிச்சுக் கொடுத்துட்டார். கடைசியா 3,400 பவுண்டு மிச்சம் இருந்தது. அதைக் கல்யாணத்துக்கு முன்னாடி மணப்பெண் பிரிசில்லாகிட்ட கொடுத்தார். அந்தம்மா கேட்டாங்களாம்: பணக்கார வாலிபனை இயேசு எவ்வளவு கொடுக்கச் சொன்னார்? எல்லாத்தையும்தானே? அதுவும் போச்சு, இரட்சணிய சேனைக்கு.

இதே ஸ்டட் 1900-லிருந்து 1906 வரைக்கும் நம்ம ஊட்டியில ஒரு சபையில போதகரா இருந்தார்ங்கிறது பலருக்குத் தெரியாது. பிறகு ஆப்பிரிக்கா போய், 1931-ல காங்கோவிலேயே இறந்தார். அவரை நான் கோயில் கட்டிக் கும்பிடச் சொல்லலை. நோயாளி மனைவியை இங்கிலாந்துல விட்டுட்டு வருஷக்கணக்கா ஆப்பிரிக்காவுல இருந்தது எனக்கு உடன்பாடில்லாத விஷயம். ஆனா பணத்தை இழந்துட்டோமேன்னு அழுத மனுஷன் இல்லை அவர். புதையலைப் பார்த்தவன் மாதிரிதான் வாழ்ந்தார்.

அவ்வளவு தூரம் போக முடியாதவங்களுக்கு (நானும் அந்தக் கூட்டம்தான்) ஜான் வெஸ்லி இருக்கார். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கினவர். தன் தேவைக்கு வருஷம் 28 பவுண்டு போதும்னு கணக்குப் போட்டார். 30 பவுண்டு வந்தப்போ 2 பவுண்டு தானம். வருமானம் 60 ஆனப்போவும் செலவு 28-தான், தானம் 32. அது 120 ஆனப்போவும் செலவு அதே 28, தானம் 92. நமக்குச் சம்பளம் ஏறினா வீட்டு சைஸும் ஏறுது, இ.எம்.ஐ.யும் ஏறுது. வெஸ்லிக்குக் கொடுக்கிற கை மட்டும் ஏறியிருக்கு. 1776-ல வரி அதிகாரிகள் வெள்ளிப் பாத்திரக் கணக்குக் கேட்டப்போ, லண்டன்ல இரண்டு ஸ்பூன், பிரிஸ்டல்ல இரண்டு ஸ்பூன், அவ்வளவுதான் இருக்குன்னு பதில் எழுதினார்.

அவரோட பயம் ஒண்ணும் உண்டு. 1786-ல எழுதியிருக்கார். பக்தி வந்தா மனுஷன் உழைப்பான், சிக்கனமா இருப்பான். அப்படி இருந்தா பணம் சேரும். பணம் சேர்ந்தா பெருமை வரும், பக்தி போயிடும். இதை எப்படித் தடுக்கிறதுன்னு தவிக்கிறார். சமூகவியல் அறிஞர் மாக்ஸ் வெபர் தன் புத்தகத்துல இதை எடுத்துக் காட்டற அளவுக்கு முக்கியமான கவனிப்பு அது. நெல்லை, கன்னியாகுமரி பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்கள்ல மூணு தலைமுறைக் கதையை எடுத்துப் பாருங்க. உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியைத் தனியா எடுத்து வெச்சு, அதை ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கொண்டு போய்க் கொடுத்தாங்க பாட்டிமார்கள். பானையில மிச்சம் எவ்வளவுன்னு பார்க்காமக் கொடுத்தாங்க. பேரப்பிள்ளைங்க நாம, போனஸ் வந்த மாசம் காணிக்கைக் கவர்ல எவ்வளவு போடலாம்னு கால்குலேட்டர் தட்டறோம்.

ஒண்ணு தெளிவாச் சொல்லிடறேன். வறுமை புனிதம்னு நான் சொல்ல வரலை. வாடகை கட்ட முடியாம நிக்கிறவன்கிட்டப் போய் "பணம் முக்கியமில்லை, ஆண்டவரைத் தேடு"ன்னு உபதேசம் பண்றது அயோக்கியத்தனம். பசியோட வந்தவனை வெறும் வாழ்த்துச் சொல்லி அனுப்பறதை யாக்கோபு தன் நிருபத்துல கிழிகிழின்னு கிழிச்சிருக்கார். பணம் போதாது என்கிற பிரசங்கத்தை, போதுமான பணம் இருக்கிறவங்களுக்குத்தான் முதல்ல பண்ணணும். அதாவது எனக்கும் உங்களுக்கும்.

என் விண்ணப்பம் ரொம்பச் சின்னது. வர்ற டிசம்பர் 31 அன்னிக்கு, கிடைச்சவங்க சாட்சி சொல்லட்டும், கைதட்டுவோம். கூடவே, இழந்தவங்க இரண்டு பேரையாவது கூப்பிடுங்க. வேலை போனவர், ஜெபிச்சும் பிள்ளையைப் பறிகொடுத்த தாய், கடன் இன்னும் அடையாதவர். எல்லாம் போன பிறகும் நீங்க ஏன் இங்கே வர்றீங்கன்னு கேளுங்க. அவங்க சொல்ற பதில் தடுமாறலாம், நடுவுல அழுகை வரலாம், "அல்லேலூயா" சொல்லத் தோதான இடமே வராமப் போகலாம்.

பரவாயில்லை, கேளுங்க. கடவுள் மட்டுமே போதும்னு நாம பாட்டாப் பாடறதை, வாழ்ந்து பார்த்துட்டுச் சொல்ற ஆட்கள் அவங்கதான்.