‘சுத்திதான் போகணும்... பரவாயில்லையா?’

மந்தைவெளியில் ஆட்டோவை நிறுத்தி, ‘லஸ் போகணும்’ என்று சொல்லிப் பாருங்கள். ஓட்டுநர் காசைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே ஒரு கேள்வி வரும். “சுத்திதான் போகணும்மா... பரவாயில்லையா?”

ஏறுகிறவர்களும் “பரவாயில்லைப்பா, போ” என்று சொல்லிவிட்டு ஏறுகிறார்கள். மயிலாப்பூர், தி.நகர், அடையாறு மக்களின் வாயில் இப்போது அதிகம் புழங்கும் வார்த்தை இந்த ‘பரவாயில்லை’தான். மெட்ரோ ரயில் வரப்போகிறது. அதுவரை தகரத் தடுப்பைச் சுற்றிப் போக வேண்டும்; தூசியைத் துடைக்க வேண்டும்; இடம் மாறிய பஸ் ஸ்டாப்பைத் தேட வேண்டும்.

சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டம் மொத்தம் 118.9 கிலோமீட்டர். மூன்று வழித்தடங்கள். மதிப்பீடு 63,246 கோடி ரூபாய். இதில் மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் போகும் தடமும், கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி போகும் தடமும் சந்திக்கிற இடம் திருமயிலை. பக்கத்திலேயே பறக்கும் ரயில் நிலையம். அதனால்தான் லஸ் பகுதியில் இவ்வளவு பெரிய பள்ளம்.

பத்து மாடிக் கட்டடத்தைக் கவிழ்த்து மண்ணுக்குள் இறக்கினால் எவ்வளவு ஆழம் போகும்? திருமயிலை நிலையம் ஏறத்தாழ அவ்வளவு ஆழம், சுமார் 35 மீட்டர். இரண்டு தடங்களும் ஒன்றின் மேல் ஒன்றாகக் கடக்க வேண்டும். நெருக்கமான தெருக்களில் பக்கவாட்டில் இடமில்லாததால், நிலையம் கீழ்நோக்கிப் போகிறது.

கீழே குடைகிறார்கள், மேலே குடியிருக்கிறார்கள்

சுரங்கப்பாதையை ராட்சத இயந்திரம் குடைகிறது. முன்னால் மண்ணை வெட்டியபடியே, பின்னால் கான்கிரீட் வளையங்களைப் பொருத்திக்கொண்டே நகரும். கிரீன்வேஸ் சாலையிலிருந்து அடையாறு சந்திப்புவரை ‘காவேரி’, ‘அடையாறு’ என்று பெயரிட்ட இரண்டு இயந்திரங்கள் ஆற்றுக்கு அடியில் புகுந்து போயின. பனகல் பூங்காவிலிருந்து கோடம்பாக்கம் பக்கம் போனவை ‘பெலிகன்’, ‘பீகாக்’. கட்டடங்களுக்கும் கோடம்பாக்கம் ரயில் தண்டவாளங்களுக்கும் அடியில் அவற்றின் பயணம்.

நிலையங்களின் கதை வேறு. அவற்றைத் தரையைத் திறந்துதான் கட்ட முடியும். சுரங்கம் குடைவது பெரும்பாலானோருக்குத் தெரியாமலேயே முடிந்துவிடலாம். நிலையத்துக்குப் பக்கத்தில் வீடோ கடையோ வைத்திருப்பவர்களுக்கு அது வருடக்கணக்கான வாழ்க்கை.

அவர்களுடைய பயத்துக்குக் காரணம் உண்டு. முதல் கட்டப் பணியின்போது, 2017 ஏப்ரல் 9, ஞாயிற்றுக்கிழமை. அண்ணா சாலையில் மண் உள்வாங்கி, ஒரு மாநகரப் பேருந்தும் ஒரு காரும் பள்ளத்தில் இறங்கின. நல்லவேளையாக யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. கொல்கத்தாவின் போபஜாரில் 2019 ஆகஸ்ட் இறுதியில் சுரங்கம் குடையும்போது நிலத்தடி நீர் பீறிட்டு, பழைய வீடுகள் விரிசல் விட்டன, சில இடிந்தன. நூற்றுக்கணக்கானோர் கட்டிய துணியோடு வெளியேறினார்கள்.

எனவேதான் சுரங்கத் தடத்தை ஒட்டிய கட்டடங்களை முன்கூட்டியே ஆய்வு செய்து, ஏற்கெனவே இருக்கும் விரிசல்களைப் பதிவு செய்கிறார்கள். சுவரில் கருவி பொருத்தி, கட்டடம் சாய்கிறதா, இறங்குகிறதா என்று கண்காணிக்கிறார்கள். வீட்டுக்காரர்கள் செய்யக்கூடிய காரியம் ஒன்று உண்டு. வீட்டின் எல்லாச் சுவர்களையும், தரையையும், கிணற்றின் நீர்மட்டத்தையும் தேதியோடு செல்போனில் படம் எடுத்து வைப்பது. ‘இந்த விரிசல் முன்னாடியே இருந்தது’ என்று யாராவது சொன்னால், பதில் கையில் இருக்கும்.

கணக்கில் வராத நஷ்டம்

வீட்டுச் சுவரில் விரிசல் விழுந்தால் காட்டலாம். வியாபாரத்தில் விழும் விரிசலை எப்படிக் காட்டுவது?

தடுப்புக்குப் பின்னால் மறைந்துபோன டீக்கடை, வண்டி நிறுத்த இடமில்லாததால் ஆள் வராத துணிக்கடை, நடைபாதை போனதும் கூடையோடு இடம் மாறிய பூக்கார அம்மா... இவர்கள் யாருடைய நிலமும் எடுக்கப்படவில்லை. ஆனால் பிழைப்பு போயிருக்கிறது.

சாலையோர வியாபாரிகளை அப்புறப்படுத்த வேண்டுமானால், 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும் என்கிறது 2014-ம் ஆண்டின் சாலையோர வியாபாரிகள் சட்டம். இந்தத் திட்டத்துக்குக் கடன் தருபவற்றில் ஒன்றான ஆசிய வளர்ச்சி வங்கியின் கொள்கையும், பட்டா இல்லாதவர்களின் வாழ்வாதார இழப்பைக் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. சட்டம் இருப்பது தெரிந்தால்தானே அந்தப் பூக்கார அம்மா கேட்க முடியும்?

வீட்டு வேலைக்கு வரும் பெண்களின் கணக்கு இன்னொன்று. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. மெட்ரோவிலோ குறைந்தபட்சக் கட்டணமே 10 ரூபாய். தினமும் இரண்டு வேளை போய் வருகிறவருக்கு அது சின்னத் தொகை இல்லை. அவருடைய மெட்ரோ அந்தப் பஸ்தான். வேலை நடக்கும் நாட்களில் பஸ் சுற்றிப் போவதைப் பொறுத்துக்கொள்வார். ரயில் வந்த பிறகு, ‘அதான் மெட்ரோ இருக்கே’ என்று பஸ்ஸைக் குறைத்துவிட்டால், இத்தனை வருடம் சுற்றி நடந்ததற்கு அவருக்குக் கிடைக்கும் பலன் அதுவாகிவிடும்.

வந்தால் நல்லதுதான்

இவ்வளவு சொன்னதால் மெட்ரோ வேண்டாம் என்று அர்த்தமில்லை. அண்ணா சாலை முதல் கட்டத்தில் பட்ட பாடு ஊருக்கே தெரியும். பல ஆண்டுகள் ஒருவழிப்பாதை, நெரிசல், புலம்பல். 2019 பிப்ரவரி 10 அன்று டி.எம்.எஸ். – வண்ணாரப்பேட்டை பாதை திறந்ததும், விமான நிலையத்திலிருந்து வண்ணாரப்பேட்டைவரை ஒரே ரயிலில் போக முடிந்தது. 2024-ல் மட்டும் சென்னை மெட்ரோவில் 10.52 கோடிப் பயணங்கள் பதிவாகின.

இரண்டாம் கட்டம் முடிந்தால், போரூர்க்காரர் கோடம்பாக்கம் பாலத்தில் மாட்டிக்கொள்ளாமல் தீபாவளித் துணி எடுக்க பனகல் பூங்காவில் வந்து இறங்கலாம். ராயப்பேட்டையில் குடியிருக்கும் ஐ.டி. ஊழியர் அடையாறு சிக்னலில் நிற்காமல் ஓ.எம்.ஆர். அலுவலகம் போகலாம்.

தி.நகர் பிறந்த கதையிலும் ரயில் உண்டு. 1920-களில் பழைய ஏரி நிலத்தில் அந்தக் குடியிருப்பு உருவானபோது, அருகே இருந்த மாம்பலம் ரயில் நிலையம்தான் அதன் பலம். ரங்கநாதன் தெரு இன்றைக்கும் அந்த நிலையத்தின் வாசலில்தான் தொடங்குகிறது. ரயிலடியில் ஊர் வளரும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

மயிலாப்பூருக்கு ஏற்கெனவே வந்த ரயில்

ஆனால், ரயில் வந்தால் மட்டும் போதாது என்பதற்கும் மயிலாப்பூரிலேயே சாட்சி நிற்கிறது. பறக்கும் ரயில் 1997-ல் திருமயிலைக்கு வந்தது. பக்கிங்ஹாம் கால்வாயின் மேல் பிரமாண்டமான நிலையங்கள் எழும்பின. 2004-ல் திருவான்மியூர், 2007-ல் வேளச்சேரி எனப் பாதையும் நீண்டது. வேகமான ரயில், மலிவான டிக்கெட். இருந்தும் பல வருடங்கள் அந்த நிலையங்களின் பெரும்பகுதி வெறிச்சோடிக் கிடந்தது. ஏன்?

வீட்டிலிருந்து நிலையம்வரை ஒழுங்கான நடைபாதை இல்லை. இறங்கியதும் ஏற ஒரு பஸ் இல்லை. முழங்கால் வலிக்கிற பெரியவருக்கு அந்தப் படிகள் மலையாகத் தெரிந்தன. இருட்டிய பிறகு பெண்கள் தனியாகப் போகத் தயங்கினார்கள். தண்டவாளத்துக்குச் செலவழித்த நகரம், கடைசி அரை கிலோமீட்டரை மறந்துவிட்டது.

அதை நினைவில் வைத்துச் செய்த வேலைகளும் இருக்கின்றன. மாம்பலம் ரயில் நிலையத்தையும் தி.நகர் பஸ் நிலையத்தையும் இணைக்கும் 570 மீட்டர் ஆகாய நடைபாலம் 2023 மே மாதம் திறக்கப்பட்டது. ரங்கநாதன் தெரு நெரிசலில் இடிபடாமல் பஸ் பிடிக்க முடிகிறது. பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் எல்லாவற்றுக்கும் ஒரே டிக்கெட் எடுக்க உதவும் ‘சென்னை ஒன்’ செயலி 2025 செப்டம்பரில் வந்தது.

மயிலாப்பூரிலும் மந்தைவெளியிலும் அடையாற்றிலும் செய்ய வேண்டியது இதன் தொடர்ச்சிதான். தடுப்புகளை எடுக்கும் நாளில் பழையபடி தார் ஊற்றிவிட்டுப் போகாமல், சக்கர நாற்காலி போகும் அளவுக்கு நடைபாதை போட வேண்டும். நிலையத்தின் வாசலிலேயே பஸ் நிற்க வேண்டும். சின்னத் தெருக்களுக்கு சிற்றுந்து வேண்டும். ஒதுங்கிப்போன பூக்கடைக்கும் இளநீர்க் கடைக்கும் அந்த வாசலில் இடம் வேண்டும்.

63,246 கோடி ரூபாய் கணக்கில், தெருக்காரர்கள் போட்ட முதலீடு எழுதப்படவில்லை. தூக்கம் கெட்ட இரவுகள், விற்காத மாலைகள், சுற்றி நடந்த கால்கள் எல்லாம் அவர்கள் போட்ட முதல்.

மந்தைவெளியில் ஆட்டோ ஏறும் அந்த அம்மா, முதல் ரயில் வரும் நாளில் லிஃப்டில் இறங்கி, லஸ்ஸில் ஏறி வந்து, தடுக்கி விழாமல் கபாலி கோயில் வாசல்வரை நடக்க முடிய வேண்டும். அப்போதுதான் அவர் இத்தனை நாள் சொன்ன ‘பரவாயில்லை’க்கு மரியாதை.