பைக்கோடு பேரும் மாறட்டும்

தமிழ்நாடு போக்குவரத்து மற்றும் சாலைப் பாதுகாப்பு ஆணையர் அவர்களுக்கு,



நான் சூளூர்பேட்டைவாசி. எங்கள் ஊர் ஆந்திரத்தின் திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது. அப்படியிருந்தும் இந்த மடலை உங்களுக்கு எழுதுகிறேன். ஏனென்றால், பழைய பைக் வாங்க எங்கள் ஊர் இளைஞர்கள் கும்மிடிப்பூண்டி, செங்குன்றம், சென்னை என்று தமிழ்நாட்டுப் பக்கம்தான் போகிறார்கள். அந்த வண்டி முறையாக எங்கள் ஊருக்கு வந்து சேர வேண்டுமானால், முதல் கையெழுத்து உங்கள் துறையிலிருந்து வரவேண்டும்.

1953 வரை நாங்களும் சென்னை மாநிலத்துக்காரர்களே. சென்னை இங்கிருந்து சுமார் 80 கி.மீ.; புறநகர் ரயில் இன்றும் எங்கள் ஊர் வரை வருகிறது. ஆரம்பாக்கத்துக்கும் தடாவுக்கும் நடுவே உள்ள மாநில எல்லையை வேலைக்கும் கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் தினம் தாண்டுகிறோம். பைக்கும் எங்களோடு தாண்டுகிறது. அதன் ஆர்.சி.யில் இருக்கும் பேர் மட்டும் பழைய சொந்தக்காரரிடமே தங்கிவிடுகிறது.

ரயில் நிலைய வண்டி நிறுத்தத்தில் டி.என். 18, டி.என். 20 எண்கள் கொண்ட பைக்குகளைப் பார்க்கலாம். அவற்றில் ஒன்றின் சீட்டைத் தூக்கினால் ஒரு பிளாஸ்டிக் கவர் இருக்கும். உள்ளே ஆர்.சி. நகல், பேர் மாற்றத்துக்காகத் தேதி போடாமல் பழைய சொந்தக்காரர் கையெழுத்திட்ட படிவம் 29, படிவம் 30, என்றோ முடிந்துபோன இன்சூரன்ஸ் தாள். வாங்கியவரைக் கேட்டால், "பேப்பர் எல்லாம் சரியா இருக்கு, கையெழுத்து வாங்கிட்டேன்" என்பார். மனதறிந்து அவர் பொய் சொல்லவில்லை. விற்றுக் கொடுத்தவர் சொன்னதை அப்படியே நம்பியிருக்கிறார்.

அந்த நம்பிக்கையின் விலையைச் சொல்கிறேன். 2018 செப்டம்பர் 1 முதல் புது இருசக்கர வாகனத்துக்கு ஐந்தாண்டு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். அப்படி விற்ற வண்டிகளின் காப்பீடு 2023 செப்டம்பரிலிருந்து ஒவ்வொன்றாக முடிந்து வருகிறது. பல வண்டிகள் அதே சமயத்தில்தான் இரண்டாம் கைக்கு மாறுகின்றன. புதுப்பிக்கச் சொல்லும் குறுஞ்செய்தி பழைய சொந்தக்காரரின் செல்போனுக்குப் போகிறது. விற்ற வண்டிதானே என்று அவர் அழித்துவிடுகிறார். ஓட்டுகிறவருக்கு ஒன்றும் தெரிவதில்லை. 2022 ஜூனில் நிர்ணயித்த கட்டணப்படி 75 சி.சி.க்கு மேல் 150 சி.சி. வரையுள்ள பைக்குக்கு ஓராண்டு மூன்றாம் நபர் காப்பீடு 714 ரூபாய், வரி தனி. அதைக் கட்ட முடியாத ஏழை அல்ல அவர். கட்ட வேண்டும் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை.

காப்பீடு உயிரோடு இருக்கும்போதும் பேர் மாறாவிட்டால் பாதிப் பாதுகாப்புதான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 157ஆம் பிரிவு, வண்டி கைமாறியதும் மூன்றாம் நபர் காப்பீடும் கூடவே மாறியதாகக் கருதுகிறது. அடிபட்ட வழிப்போக்கருக்கு அது உதவும். ஓட்டியவருக்கு? சொந்தக்காரர்–ஓட்டுநருக்கான தனிநபர் விபத்துக் காப்பீட்டை இருசக்கர வாகனத்துக்கு 1 லட்சத்திலிருந்து 15 லட்சமாக 2018இல் உயர்த்தினார்கள். அது ஆர்.சி.யிலும் பாலிசியிலும் பேர் உள்ளவருக்கு, செல்லுபடியாகும் லைசென்ஸ் இருந்தால் மட்டுமே. வேறொருவர் பேரில் உள்ள பைக்கில் கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு நைட் ஷிப்ட் போகும் பையன் நெடுஞ்சாலையில் விழுந்து இறந்தால், அவன் தாய்க்கு அந்த 15 லட்சத்தில் ஒரு ரூபாய் கிடையாது.

லைசென்ஸ் விஷயத்தில் எல்லை ஒரு தடையே அல்ல. ஆந்திர லைசென்ஸ் இந்தியா முழுவதும் செல்லும். ஆனால் கியர் இல்லாத வண்டிக்கு மட்டும் லைசென்ஸ் எடுத்தவர் கியர் பைக் வாங்கும்போது, வகை பொருந்துகிறதா என்று விற்கும் இடத்தில் யாரும் பார்ப்பதில்லை. விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு, அந்தத் தொகையைச் சொந்தக்காரரிடம் வசூலிக்க வழி திறந்துவிடுகிறது.

ஐயா, இது ஆந்திரக்காரர் பிரச்சினை மட்டும் அல்ல. பல கை மாறிய ஒரு காரின் வழக்கில், பதிவேட்டில் யார் பேர் இருக்கிறதோ அவரே சட்டப்படி சொந்தக்காரர், இழப்பீட்டுப் பொறுப்பும் அவருக்கே என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எப்போதோ பைக்கை விற்றுக் காசு வாங்கிய செங்குன்றத்துக் குடும்பத்தலைவர், ஆந்திரத்தின் நாயுடுபேட்டையில் நடந்த விபத்துக்கு நீதிமன்றப் படி ஏற நேரலாம். அவர் உங்கள் மாநிலக் குடிமகன்.

சட்டத்தில் வழி இல்லாமல் இல்லை. 48ஆம் பிரிவின்படி விண்ணப்பித்த 30 நாளுக்குள் மறுப்பு வராவிட்டால் தடையில்லாச் சான்று வழங்கப்பட்டதாகவே கருத வேண்டும். வேறு மாநிலத்துக்கு விற்றவர் அந்த என்.ஓ.சி.யை 45 நாளுக்குள் அனுப்ப வேண்டும். வாங்கியவர் தன் ஊர் அலுவலகத்தில் 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். காப்பீட்டு நிறுவனத்துக்கு 14 நாளுக்குள் எழுத வேண்டும். இந்தக் கெடுக்கள் ஒவ்வொன்றும் ஒவ்வோர் அலுவலகத்தில் கிடக்கின்றன. எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி வாங்குகிறவர் கையில் கொடுப்பார் யாரும் இல்லை. இதற்கிடையில் தமிழ்நாட்டில் கட்டிய ஆயுட்கால வரியில் மீதியைத் தனியாக அலைந்து வாங்க வேண்டும். ஆந்திரத்தில் வரியை முதலில் கட்ட வேண்டும். இரண்டையும் நினைத்துப் பார்க்கிற கூலித் தொழிலாளி, கையெழுத்துப் போட்ட படிவங்களைச் சீட்டுக்கடியில் வைத்துக்கொண்டு ஓட்டத் தொடங்குகிறார்.

மாநிலம் மாறுகிறவர்களின் சிரமம் அரசுக்குத் தெரியாததும் அல்ல. 2021 செப்டம்பர் 15 முதல், மாநிலம் மாறினாலும் மறுபதிவு வேண்டாத பி.ஹெச். வரிசை எண் வந்தது. ஸ்ரீஹரிகோட்டா விண்வெளி மையத்தின் அரசு ஊழியர் அதைப் பெறலாம். நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் உள்ள தனியார் நிறுவன ஊழியரும் பெறலாம். எங்கள் பக்கத்துத் தொழில் நகரமான ஸ்ரீசிட்டியில் ஒப்பந்தக்காரரிடம் வேலை பார்ப்பவருக்கு அந்தக் கதவு மூடியிருக்கிறது.

நாடு விட்டு நாடு போய் பைக் வாங்கி ஊர் சுற்றுகிறவர்கள், பதிவு யார் பேரில், லைசென்ஸ் செல்லுமா, காப்பீடு எதுவரை என்று மூன்றையும் கேட்டுவிட்டுத்தான் சாவியைத் தொடுவார்கள். ஐரோப்பாவில் ஒரு நாட்டுக் காப்பீடு அடுத்த நாட்டிலும் செல்வதற்கான பச்சை அட்டை முறை 1953இலிருந்து நடக்கிறது. நம் பாலிசியையே கூடுதல் கட்டணம் கட்டி நேபாளம், பூடான், இலங்கை உள்ளிட்ட அண்டை நாடுகளுக்கு நீட்டிக்கலாம். நாடுகளுக்கிடையே முடிவது, ஆரம்பாக்கத்துக்கும் தடாவுக்கும் இடையே முடியாதா?

உங்கள் அதிகாரத்துக்கு உட்பட்ட நான்கு காரியங்களைக் கேட்கிறேன்.

ஒன்று: எல்லையோர வட்டாரப் போக்குவரத்து அலுவலகங்களில் என்.ஓ.சி. விண்ணப்பத்துக்கு முடிவு தேதி குறித்த ரசீது கொடுங்கள். 30 நாள் விதியைத் தமிழிலும் தெலுங்கிலும் பலகையில் எழுதி வையுங்கள்.

இரண்டு: ஆயுட்கால வரியைத் திரும்பக் கேட்கும் மனுவை என்.ஓ.சி. விண்ணப்பத்தோடு சேர்த்தே வாங்குங்கள்.

மூன்று: பழைய வண்டி விற்கும் வியாபாரிகள் அங்கீகாரச் சான்று பெற வேண்டும் என்ற மத்திய விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. வண்டி அவர்கள் கைக்கு வந்ததைப் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதும் அந்த விதியில் உண்டு. சான்று இல்லாத கடைகளை ஆய்வு செய்யுங்கள். தேதியில்லாக் கையெழுத்துப் படிவத்தோடு வண்டி கடையை விட்டு வெளியேறக் கூடாது. இந்த நான்கில் இதுவே முக்கியம். பேர் மாற்றம் தவறிப்போகும் இடம் அந்தக் கடை வாசல்தான்.

நான்கு: ஆந்திரப் போக்குவரத்து ஆணையரோடு பேசி, மாதம் ஒரு நாள் தடாவிலோ ஆரம்பாக்கத்திலோ இரு மாநில அலுவலர்களும் காப்பீட்டு நிறுவனப் பிரதிநிதிகளும் உட்காரும் முகாம் நடத்துங்கள். ஏற்கெனவே பேர் மாறாமல் ஓடும் வண்டிகளை அபராதத்துக்குப் பயந்து மறைக்காமல் மக்கள் கொண்டுவரும்படி அது இருக்கட்டும்.

இவற்றில் எதற்கும் புதுச் சட்டம் வேண்டாம். இருக்கிற சட்டம், அதை நம்பிப் பிழைக்கிறவரின் கைக்கு எட்ட வேண்டும், அவ்வளவே. முகாம் நடக்கும் நாளைக் குறியுங்கள். எங்கள் தெருக்களில் வீடு வீடாகச் சென்று சொல்லி, வண்டிகளையும் தாள்களையும் கொண்டுவரச் செய்யும் வேலையை நாங்கள் ஏற்கிறோம்.

இப்படிக்கு,
சூளூர்பேட்டைவாசி ஒருவர்