ஓர் உப்பின் விலை

இலக்கிய வாசகர்களாகிய நாம் மனப்பிறழ்வைப் பற்றி நிறையவே பேசியிருக்கிறோம். பித்தையும் படைப்பையும் முடிச்சிட்டுப் பார்ப்பது நமக்கு உவப்பான காரியம். ஆனால், பித்து அடங்கிய பின் அன்றாடம் மாத்திரை விழுங்கி ஆண்டுக்கணக்கில் வாழ்கிறவரின் உடலைப் பற்றி நாம் அநேகமாகப் பேசியதில்லை.

அமெரிக்க எழுத்தாளர் ஜேமி லோ அதைப் பேசியவர். இருமுனை மனநோய்க்காக 1993இல், 16 வயதில், லித்தியம் உட்கொள்ளத் தொடங்கினார். ஏறத்தாழ 20 ஆண்டுகள் அவரைத் தாங்கிய அந்த உப்பே அவருடைய சிறுநீரகங்களைப் பழுதாக்கியிருந்தது பின்னர் தெரியவந்தது. மனத்தைக் காப்பதா, சிறுநீரகத்தைக் காப்பதா? அச்சத்தோடுதான் அவர் மாற்று மருந்துக்குச் சென்றார். 2017இல் வெளிவந்த அவருடைய 'மென்டல்' என்னும் நூல் இந்த அனுபவத்தை விவரிக்கிறது.

லித்தியத்தின் பயனை 1949இல் உலகுக்கு அறிவித்தவர் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட். உடல் இதைச் சிதைப்பதில்லை. சிறுநீரகமே வெளியேற்றியாக வேண்டும். மருந்தாகும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. பலருக்குத் தாகம் மிகும், அடிக்கடி சிறுநீர் பிரியும். நெடுங்காலம் உட்கொள்வோரில் சிலருக்குச் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் மெல்லக் குறைகிறது. வலி ஏதும் இராது. இரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் அளவைப் பார்த்தால்தான் தெரியும்.

ஆகவே மருந்தை வீசி எறியுங்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்வது பெருந்தீங்கு. தற்கொலையிலிருந்து பலரைக் காத்த மருந்து இது. திடீரென நிறுத்தினால் நோய் மூர்க்கமாகத் திரும்பக்கூடும். நம் வருத்தம் வேறு. நோயாளி அமைதியடைந்ததும் 'குணமாகிவிட்டது' என்று குடும்பம் நிம்மதி கொள்கிறது. ஆறு மாதங்களுக்கு ஒருமுறையேனும் செய்யவேண்டிய இரத்தப் பரிசோதனை மறந்துபோகிறது. மூட்டுவலிக்கு ஐபுப்ரோஃபென் வாங்கி விழுங்கினால் இரத்தத்தில் லித்தியம் ஏறும் என்பதையும் கடும் வெயிலில் உடல் நீர் வற்றினாலும் அதுவே நேரும் என்பதையும் எத்தனை பேர் அறிவார்கள்?

பின்விளைவைச் சொன்னால் நோயாளி மருந்தை நிறுத்திவிடுவார் என்று அஞ்சி மறைப்போர் உண்டு. இந்த வாதம் நமக்கு ஏற்புடையதன்று. மனம் பிறழ்ந்தவர் என்பதாலேயே ஒருவருக்குத் தம் உடலைப் பற்றி அறியும் உரிமை இல்லாமற்போகாது. அறிந்து உட்கொள்பவரே உரிய காலத்தில் பரிசோதனைக்கும் செல்வார் என்று நாம் நம்புகிறோம்.