இனம் இனத்தோடுதான் சேருமா?

மாணவர் விடுதி பற்றிப் பேச்சு எழுந்தாலே, "இனம் இனத்தோடுதான் சேரும்" என்று யாராவது பேச்சை முடித்துவிடுகிறார்கள். பல இனத்துப் பிள்ளைகள் கூடி ஒரு வீட்டை நடத்துவது ஆகாத காரியமாம். பல ஆண்டுகளாக இதைக் கேட்டுச் சலித்துவிட்டது. ஆன காரியம் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் இருக்கிறது.

முதல் வாதம், பிரிந்து வாழ்வது இயற்கை என்பது. இயற்கைக்குக் காவல் எதற்கு? தண்ணீர் பள்ளத்துக்கு ஓட யாரும் கூட்டம் போடுவதில்லை. பெர்க்லியில் போட்டார்கள். 1920களில் அங்கே கறுப்பின, ஆசிய மாணவர்களுக்கு வீட்டுக்காரர்கள் அறை தர மறுத்தார்கள். பீட்மாண்ட் அவென்யூவில் வரிசையாக இருந்த மாணவர் சங்க இல்லங்களும் அவர்களைச் சேர்க்கவில்லை. அந்தத் தெருவிலேயே, எல்லா இனத்தவரும் தங்கும் சர்வதேச இல்லம் ஒன்றைக் கட்ட ஹாரி எட்மண்ட்ஸ் என்பவர் முனைந்தார். எதிர்த்து 800க்கும் மேற்பட்டோர் திரண்டார்கள். ஆனாலும் 1930இல் இல்லம் திறந்தது. மாணவர்கள் வந்து சேர்ந்து வாழ்ந்தார்கள். அவர்களைப் பிரித்து வைத்தது இயற்கையா, வீட்டுக்காரர்களா?

இரண்டாவது, மாணவர்களுக்கு வீடு நடத்தத் தெரியாது என்பது. பொருளாதாரப் பெருமந்தத்தின் நடுவே, 1933இல், ஹாரி கிங்மன் என்பவரின் ஊக்கத்தால் 14 மாணவர்கள் தொடங்கிய பெர்க்லி மாணவர் கூட்டுறவில் இன்று 1,200க்கும் மேற்பட்டோர் குடியிருக்கிறார்கள். அதில் இனத்தடை கிடையாது.

மூன்றாவது, சண்டை வரும் என்பது. ஒரே இனத்தவர் மட்டும் வாழும் வீட்டில் சண்டையே இல்லையா? கூட்டுறவு வீட்டில் ஒவ்வொருவரும் வாரத்துக்குச் சுமார் 5 மணி நேரம் சமைக்க வேண்டும், பாத்திரம் கழுவ வேண்டும், கூட்டிப் பெருக்க வேண்டும். வேலை பொது என்பதால் வாடகை குறைகிறது. யாரும் யாருக்கும் எசமானர் இல்லை. குறை இருந்தால் வீட்டுக் கூட்டத்தில் சொல்லலாம், ஆளுக்கொரு வாக்கு. சண்டையைத் தீர்க்க இதைவிட நேர்மையான வழியைப் பிரித்து வைப்பவர்கள் இதுவரை காட்டவில்லை.

கடைசியாக, "அங்கேயே கறுப்பின மாணவர்களுக்குத் தனி வீடு இருக்கிறதே" என்கிறார்கள். இருக்கிறது. அதே கூட்டுறவுக்குள், அதே உரிமைகளோடு, அவர்களே கேட்டுப் பெற்ற வீடு அது. தானே தேர்ந்தெடுத்த வீட்டையும், வேறெங்கும் இடம் தராமல் ஒதுக்கித் தள்ளிய மூலையையும் ஒன்றென்பது அநியாயம்.

பிள்ளைகள் யாரோடு சேர்வார்கள் என்று தீர்ப்புச் சொல்லும் முன், கதவைத் திறந்து வையுங்கள். சமையலறைப் பொறுப்பையும் வாக்கையும் அவர்களிடமே கொடுங்கள்.