ஊர் முடிவும் தேச முடிவும்

நம் பெரியோர்கள் எந்த நற்காரியத்தைத் தொடங்கினாலும் முதலில் பரத கண்டத்தை நினைத்துக்கொண்டு, அப்புறந்தான் தங்கள் சொந்த வேண்டுதலைச் சொல்லுவார்கள். தேர்தல் முடிவு வெளியாகும் தினத்தில் மட்டும் இந்த வரிசை தலைகீழாகிவிடுகிறது. முதலில் நம் தொகுதி என்ன ஆயிற்று என்று கேட்கிறோம். பிறகுதான் கண்டத்தின் கதி என்ன என்று விசாரிக்கிறோம். இரண்டு கேள்விகளுக்கும் ஒரே பதில் கிடைத்துவிட்டால் கவலையில்லை. வெவ்வேறு பதில் வந்துவிட்டாலோ, அன்று இரவு பாதிப் பேருக்குச் சாப்பாடு இறங்குவதில்லை.

2024-ஆம் வருஷத்துப் பார்லிமெண்டுத் தேர்தலை எடுத்துக்கொள்வோம். சேலம், நாமக்கல் உள்படத் தமிழ்நாட்டின் 39 தொகுதிகளிலும் ஏப்ரல் 19-ஆம் தேதி ஒரே நாளில் வோட்டுப் போட்டாயிற்று. ஆனால் கண்டம் பெரிதல்லவா? ஏழு கட்டங்களாக ஜூன் 1-ஆம் தேதி வரையில் தேர்தல் நடந்தது. ஜூன் 4-ஆம் தேதிதான் எண்ணிக்கை. ஆக, நம் ஜனங்கள் 46 நாள் காத்திருந்தார்கள். சேலத்துக் கடைவீதியில் மாம்பழ வாசனை வீசத் தொடங்கி, மல்கோவாவும் வந்து சேர்ந்தது. விரலில் வைத்த மை நகத்தோடு வளர்ந்து, பாதி வெட்டுப்பட்டும் போயிற்று. முடிவு மாத்திரம் வரவில்லை. அந்த நாட்களில் டீக்கடைப் பெஞ்சியில் உட்கார்ந்தபடி மத்திய மந்திரி சபையை ஒரு முறையாவது அமைத்துப் பார்க்காதவர் சேலத்தில் யாரேனும் இருந்திருப்பாரா என்பது சந்தேகமே.

கடைசியில் வந்தது ஒரு முடிவு அல்ல, இரண்டு. தமிழ்நாட்டின் 39 இடங்களும் தி.மு.க. அணிக்குக் கிடைத்தன. தேசம் முழுவதுமாக 543 இடங்களில் பாரதீய ஜனதா அணிக்கு 293. அக்கட்சிக்குத் தனியாக 240. ஆட்சி அவர்களுக்கே. ஆனால் வென்றவர்கள், தனிப் பெரும்பான்மை போயிற்றே என்று முகம் வாடினார்கள். தோற்றவர்கள், எதிர்பார்த்ததைவிட அதிகம் கிடைத்ததென்று பட்டாசு கொளுத்தினார்கள். வீடுகளிலும் இதே கதைதான். ஒரே கூடத்தில் தகப்பனாருக்கு ஊர் முடிவில் சந்தோஷம். பிள்ளையாண்டானுக்குத் தேச முடிவில் சந்தோஷம். பாட்டிக்கு, அன்றைக்கு நாடகம் பார்க்க முடியவில்லையே என்ற துக்கம்.

வேடிக்கை ஒருபுறம் இருக்கட்டும். எங்கோ நடக்கும் எண்ணிக்கைக்காக ஜனங்கள் ஏன் இவ்வளவு பதைக்கிறார்கள்? இதைச் சேலத்தாருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. 1937-இல் பதினொரு மாகாணங்களிலும் தேர்தல் நடந்தது. சொத்து, வரி, படிப்பு என்ற தகுதி உள்ளவர்களுக்குத்தான் அப்போது வோட்டு. சென்னைச் சட்டசபையின் 215 இடங்களில் 159 காங்கிரஸுக்குக் கிடைத்தது. சேலத்தில் வக்கீலாகவும் நகரசபைத் தலைவராகவும் இருந்த ராஜாஜி மாகாணப் பிரதம மந்திரியானார். அவ்வருஷம் அக்டோபர் 1-ஆம் தேதி, மாகாணத்திலேயே முதலாவதாகச் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு அமுலுக்கு வந்தது. நாமக்கல்லும் திருச்செங்கோடும் அக்காலத்தில் அந்த ஜில்லாவைச் சேர்ந்தவையே. கள்ளுக்கடை மூடப்பட்டபோது யார் அதிகம் மகிழ்ந்திருப்பார்கள்? குடிகாரர்களின் மனைவிமார்தான். அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு வோட்டே கிடையாது! வோட்டுப் போட்டவர் யாராயிருந்தாலும், முடிவு நம் அடுப்பங்கரை வரையில் வந்து சேரும் என்பதை இந்த ஜில்லா அன்றே கண்டுகொண்டது.

சுயராஜ்யம் வந்து, வயது வந்தோர் அனைவருக்கும் வோட்டுக் கிடைத்த பிறகு, ஊர் முடிவும் தேச முடிவும் பல தடவை பிரிந்து போயிருக்கின்றன. 1952-இல் லோக் சபையில் 489-க்கு 364 இடம் பெற்ற காங்கிரஸ், சென்னை ராஜ்யச் சட்டசபையில் 375-க்கு 152 இடந்தான் பெற்றது. 1977-இல் உத்தரப் பிரதேசத்தின் 85 இடங்களிலும் பீகாரின் 54 இடங்களிலும் காங்கிரஸுக்கு ஒன்றுகூட இல்லை. தமிழ்நாட்டிலோ அக்கட்சி சேர்ந்திருந்த அணிக்கு 39-க்கு 34! 2014-இல் இங்கே அ.தி.மு.க.வுக்கு 37, 2019-இல் தி.மு.க. அணிக்கு 38, டில்லியிலோ இரண்டு தடவையும் பாரதீய ஜனதா ஆட்சி.

இப்படி முடிவுகள் பிரியும்போதுதான் ஒரு பொல்லாத வார்த்தை நம் வாயில் வருகிறது. "அந்தப் பக்கத்து ஜனங்களுக்குப் புத்தியே கிடையாது!" என்கிறோம். அந்தப் பக்கத்திலும் நம்மைப் பற்றி இதையேதான் ஹிந்தியில் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

1977-ஐச் சற்று யோசித்துப் பாருங்கள். நெருக்கடி நிலையின்போது இங்கேயும் மந்திரி சபை கலைக்கப்பட்டது; தலைவர்கள் சிறைப்பட்டார்கள். ஆனால் கட்டாயக் குடும்பக் கட்டுப்பாட்டின் பெயரால் வடக்கே கிராமம் கிராமமாக ஜனங்கள் பட்ட பாட்டை நம் குடியானவர்கள் அந்த அளவுக்குப் பட்டதில்லை. அவர்கள் தங்கள் அனுபவத்தைப் பெட்டியில் போட்டார்கள்; நாம் நம்முடைய அனுபவத்தைப் போட்டோம். இதில் புத்திசாலி யார், அசடு யார்?

இந்த உண்மையை நம்மைவிட நன்றாக அறிந்தவர்கள் நாமக்கல் லாரி டிரைவர்களும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர்களுமே. தேர்தல் நாளன்று வெளியூரில் மாட்டிக்கொண்டு வோட்டை இழப்பவர்களும் அவர்களே. அத்தகைய டிரைவர் ஒருவர் 2024-இல் நாகபுரிக்கு அருகே சாலையோரச் சாப்பாட்டுக் கடையில் முடிவைக் கேட்டாராம். அங்கே ஜயித்தவர்கள் எல்லோருக்கும் லட்டு வழங்கினார்கள். "எங்கள் ஊரில் உங்கள் கட்சி தோற்றுப்போயிற்று, அண்ணா!" என்று இவர் தமக்குத் தெரிந்த ஹிந்தியில் சொன்னார். "அதனால் என்ன? தூரத்திலிருந்து வந்திருக்கிறாய், இன்னொன்று எடுத்துக்கொள்" என்று பதில் வந்தது. இவர் ஏற்றிச் சென்றிருந்தது ஜவ்வரிசி. சேலத்துக் கிழங்கில் செய்த அந்த ஜவ்வரிசியைத்தான் மகாராஷ்டிரத்தார் விரத நாட்களில் சமைத்துச் சாப்பிடுகிறார்கள்!

அதே தினத்தில் நாமக்கல் கோழிப் பண்ணைகளில் வேலை செய்யும் பீகார், ஒரிஸ்ஸாப் பிள்ளைகள் கைபேசியில் தங்கள் ஊர் முடிவைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு யாராவது ஒரு லட்டுக் கொடுத்தோமா? அல்லது, "உங்கள் ஊரில் ஏன் அப்படிப் போட்டார்கள், தம்பி?" என்றாவது கேட்டோமா? நமக்குத் தெரிந்தவரையில் கேட்டவர்கள் சொற்பம்.

தோல்வியில் வருத்தப்படுவது பிரஜையின் உரிமை. வருத்தமே இல்லாவிட்டால் வோட்டுக்கு என்ன மதிப்பு? ஆனால், நமக்குப் பிடிக்காத முடிவும் நம்முடைய முடிவுதான். அடுத்த தடவை இரண்டு முடிவுகள் வரும்போது, அந்தப் பக்கத்து ஜனங்களை வைவதற்கு முன்னால், கோழிப் பண்ணைத் தம்பியிடம் ஒரு வார்த்தை விசாரிப்போம். கையில் ஒரு லட்டும் இருந்தால் இன்னும் விசேஷம்.