நீலப் புட்டிக்கு ஒரு வக்காலத்து

நின்று போன ஒரு சென்ட்டுக்காக மனிதர்கள் ஏங்குவதைக் கண்டால் சிலருக்குச் சிரிப்பு வருகிறது. "அரிசி நின்று போனால் அழலாம், அத்தர் நின்று போனால் அழுவார்களா?" என்று கேட்கிறார்கள். பெரிய கம்பெனி ஒன்றில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்ற என் நண்பர் ஒருவர் இன்னும் ஒரு படி மேலே போனார். "ஸார், விற்றால் செய்வான், விற்காவிட்டால் நிறுத்துவான். இதில் உங்களுக்கு என்ன பாத்தியதை?" என்றார். அந்தப் பாத்தியதையைப் பற்றித்தான் எழுத உத்தேசம்.

'ஈவினிங் இன் பாரிஸ்' என்ற பெயரை உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லிப் பாருங்கள். 1967-இல் வந்த ஹிந்திப் படத்தைச் சொல்லவில்லை. அதற்கு எத்தனையோ வருஷம் முந்திப் பிறந்த சென்ட் அது. பிரெஞ்சுக்காரர்களுக்கு 'ஸ்வார் த பாரி'. 1928-இல் அதை வெளியிட்ட கம்பெனியின் பெயர் பூர்ஷ்வா. (நம் இடதுசாரி நண்பர்கள் முகம் சுளிக்க வேண்டாம், அது ஒரு மனிதரின் குடும்பப் பெயர்தான்.) செய்தவர் எர்னஸ்ட் போ. மாஸ்கோவில் பிறந்து, புரட்சிக்குப் பின் பிரான்ஸுக்குப் போய், 1921-இல் 'ஷனேல் நம்பர் 5' செய்து பெயர் வாங்கியவர். அந்த ஷனேல் சீமாட்டிகளுக்கு. இந்த நீலப் புட்டியோ கடையில் நின்று சாமான் விற்கும் பெண்ணும், டைப் அடிக்கும் பெண்ணும் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கக் கூடியது. பெரிய கை ஒன்று சின்னக் காசுக்கு உழைத்திருக்கிறது. எனக்கு அதில் ஒரு மரியாதை உண்டு.

எங்கள் அத்தைப்பாட்டியின் டிரங்குப் பெட்டியில் அந்தப் புட்டி ஒன்று இருந்தது. 1955-இல் கல்யாணமான புதிதில் அவள் புருஷர் மூர் மார்க்கெட்டில் வாங்கிக் கொடுத்ததாம். நான் பார்த்த காலத்தில் உள்ளே ஒரு சொட்டுக் கிடையாது. ஆனாலும் பட்டுப் புடவைகளின் நடுவே அதை வைத்திருப்பாள். தீபாவளிக்குப் புடவை எடுக்கும்போது மூடியைத் திருகி ஒரு தரம் முகர்ந்து பார்ப்பாள். "மல்லிகை தினம் தினம் வரது, போறது. இது வராதுடா" என்பாள். அவள் பெரிய நாகரிகக்காரி அல்ல. ரவிக்கையில் ஊசி குத்தி, ரேஷன் கடையில் வரிசையில் நின்றவள். தனக்கென்று புருஷன் வாங்கித் தந்த ஒரே அநாவசியமான பொருள் அது என்பதுதான் அதன் பெருமை.

1969-ஐ ஒட்டி அந்த சென்ட் நின்றது. 1992-இல் அதே பெயரோடு திரும்பி வந்தது. ஆனால் ஜாக் போல்ஜ், பிரான்ஸ்வா தெமாஷி என்ற இரண்டு நிபுணர்கள் அதைப் புதிதாக அமைத்திருந்தார்கள். இருவரும் வல்லவர்கள், அவர்களோடு எனக்குச் சண்டையில்லை. இடைக்காலத்தில் பழைய செயற்கைக் கஸ்தூரி வகைகளில் சில உடம்புக்கு ஆகாது என்று விலக்கப்பட்டுவிட்டன. அப்படிப்பட்டதை மாற்றத்தான் வேண்டும். பழைய வாசனைக்காக யாரும் தோலைப் புண்ணாக்கிக் கொள்ளச் சொல்லவில்லை.

"அந்தக் காலத்தில் அசல் பூவிலிருந்து எடுத்தார்கள், இப்போது எல்லாம் ரசாயனம்" என்று புலம்புகிற கட்சியிலும் நான் இல்லை. வயலெட் பூவின் மணத்தைத் தரும் அயனோன் என்ற சரக்கு 1893-லேயே ஜெர்மனியில் சோதனைச் சாலையில் பிறந்துவிட்டது. மே மாதம் முதல் தேதி பிரெஞ்சுக்காரர்கள் ஒருவருக்கொருவர் கொடுத்துக் கொள்ளும் லில்லி ஆஃப் தி வேலி என்ற வெள்ளைப் பூ இருக்கிறதே, அதைப் பிழிந்தாலும் காய்ச்சினாலும் உபயோகமான தைலம் கிடைக்காது. அந்தத் தொழிலில் அதற்கு ஊமைப் பூ என்றே பெயர். அதன் மணத்தோடு விற்ற சென்ட்டெல்லாம் ஆரம்பத்திலிருந்தே மனிதன் கட்டியதுதான். கட்டியது என்பதால் மட்டம் என்று ஆகிவிடாது. நாவலும் கட்டியதுதான்.

நான் சொல்ல வந்தது வேறு. என் நாவலைப் பதிப்பாளர் நிறுத்திவிடலாம். நிறுத்தியும் இருக்கிறார்கள்! ஆனால் 1954-ஆம் வருஷத்துச் சட்டப்படி, அச்சான 30 நாளைக்குள் ஒரு பிரதி கன்னிமாரா நூல் நிலையத்துக்குப் போயாக வேண்டும். கடையில் செத்தாலும் எழும்பூரில் உயிரோடு இருக்கும். எவனாவது ஒரு பைத்தியக்காரன் தேடி வந்தால் படிக்கலாம். நான் போய் 60 வருஷம் கழித்து யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். பதிப்பாளர் பாதி அத்தியாயத்தை மாற்றிவிட்டு அதே தலைப்பில் விற்றால், பழைய பிரதியைப் பக்கத்தில் வைத்து, "இதோ பார், திருட்டு" என்று காட்டலாம்.

சென்ட்டுக்கு இந்த வசதி எதுவும் கிடையாது. அதன் குறிப்பு கம்பெனியின் ரகசியம். புட்டியின் மேல் மற்ற சரக்குகளை விவரமாக அச்சிட்டாலும், வாசனைக் கலவையைப் பெரும்பாலும் 'பர்ஃப்யூம்' என்ற ஒரே வார்த்தையில் அடக்கிவிடுவார்கள். மிஞ்சினால், சிலருக்கு ஒத்துக்கொள்ளாத சில சரக்குகளின் பெயர் கூட வரும். அது கலைப் படைப்பா இல்லையா என்பதிலேயே நீதிமன்றங்கள் ஒத்துப் போகவில்லை. 2006 ஜூன் மாதம் பிரான்ஸின் உச்ச நீதிமன்றம் 'இல்லை, அது வெறும் தொழில் திறமை' என்றது. அதே மாதம், மூன்றே நாள் கழித்து, ஹாலந்தின் உச்ச நீதிமன்றம் 'த்ரெஸோர்' என்ற சென்ட் வழக்கில் 'படைப்பாக இருக்க முடியும்' என்றது. வாசனைத் தொழிலின் தாய் வீடு என்று சொல்லப்படும் தேசம் கைவிட்டதை, பாலாடைக் கட்டிக்கும் ட்யூலிப் பூவுக்கும் பெயர் போன தேசம் கையில் எடுத்துக் கொண்டது!

"ரகசியத்தை வெளியிட்டால் போட்டிக்காரன் திருடிவிடுவானே?" என்றார் நண்பர். போட்டிக்காரனா? அவனிடம் இயந்திரம் இருக்கிறது. ஒரு சொட்டை உள்ளே விட்டால் அதிலுள்ள சரக்குகளைப் பெரும்பாலும் பிரித்து எண்ணிக் காட்டிவிடும். அவனுக்குத் தெரியாததை அதிகமாக ஒன்றும் மறைக்கவில்லை. கதவு சாத்தியிருப்பது வாங்கியவளுக்குத்தான். அந்த இயந்திரத்துக்கும் பிடி கொடுக்காத இடம் ஒன்று உண்டு. பழைய கலவைகளில் வேறொரு கம்பெனி தயாராகச் செய்து விற்ற கூட்டுச் சரக்குகளும் சேரும். அந்தக் கம்பெனி மூடிவிட்டால் அதன் குறிப்பும் கூடவே புதைந்துவிடும். அதனால்தான் காலம் தாழ்த்தக் கூடாது என்கிறேன்.

வெர்சேல்ஸ் நகரில் 'ஓஸ்மோதெக்' என்று ஒரு ஸ்தாபனம் 1990-இல் ஏற்பட்டது. மறைந்து போன வாசனைகளை 12 டிகிரிக் குளிரில், இருட்டில், ஆர்கன் வாயு நிரப்பிப் பாதுகாக்கிறார்கள். அங்கே போகிறவர் காகிதத் துண்டில் தோய்த்ததை முகர்ந்து பார்க்கலாம். புண்ணியவான்கள்! ஆனால் அங்கேயும் கம்பெனி மனம் வைத்துக் கொடுத்தால்தான் குறிப்பு. கொடுக்காவிட்டால் கேட்கச் சட்டம் கிடையாது.

பெயரை வைத்துக் கொள்ளட்டும். அது அவர்கள் சொத்து. ஆனால் அந்தப் பெயருக்கு மதிப்பை ஏற்றியது யார்? காலிப் புட்டியைப் புடவைக்குள் வைத்திருந்தவர்கள். இருபத்து மூன்று வருஷம் கடையில் இல்லாத ஒரு பெயரை மறுபடி விற்க முடிந்தது என்றால், அந்தக் காலமெல்லாம் அதைச் சம்பளமில்லாமல் காப்பாற்றியது அவர்கள் ஞாபகம். ஞாபகத்தை முதலாகப் போட்டு வியாபாரம் செய்கிறவன், ஞாபகம் எதைப் பற்றியதோ அதை ஒளித்து வைப்பது என்ன நியாயம்?

"சரி, எத்தனை வருஷம் கழித்து வெளியிட வேண்டும் என்கிறீர்?" என்றார் நண்பர், பேரம் பேசுகிற தோரணையில். நான் பேராசைக்காரன் இல்லை. புது இயந்திரம் கண்டுபிடித்தவனுக்கு 20 வருஷம் காப்புரிமை கொடுக்கிறார்கள். சென்ட் நின்ற வருஷத்திலிருந்து அதே 20 வருஷம் வைத்துக் கொள்ளட்டும். அந்தக் கணக்குப்படி ஈவினிங் இன் பாரிஸின் குறிப்பு 1989-இல் வெளியே வந்திருக்கும். புதிய புட்டி வந்தது 1992-இல். இடையில் மூன்று வருஷம் இருந்தது; கன்னோஜிலோ கிராஸ் நகரிலோ யாராவது ஒருவர் பழையதைக் கலந்து பார்த்திருக்கலாம். இரண்டையும் பக்கத்தில் வைத்து முகர்ந்து, எது மாறியிருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். அத்தைப்பாட்டிக்கு 1989-இல் வயது 54. மூக்கு நன்றாகத்தான் இருந்தது.